சிவப்பு மூடி, கறுப்பு மூடி

அத்தியாயம் ஏழு

"பின்னுக்கு எது?"

"எழுதி ஒட்டியிருக்கேன். ரெண்டு ஒயில் கேன்லயும் பெரிசா இருக்கு. பாத்து ஊத்தச் சொல்லுங்க."

"முந்தி வாங்குறது இல்லையே இது?"

"இல்ல. இது வேற கம்பனி. ட்ரெய்லர் இழுக்குற வண்டிக்கு இதுதான் நல்லம். முந்தின மாதிரி இருக்காது, அதுக்காகப் பயப்பட வேணாம்."

"ம்."

"அழகையா நானாட கராஜுக்குத்தானே போறீங்க?"

"வேற எங்க போறது?"

அவ்வளவுதான். ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு காலை, பழைய ஜீப்பின் பின்கதவருகே நின்று தானும் கணவர் ஸக்கரியாவும் பேசியது இதுதான் என்று ஜுனைதா சொல்லி முடித்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாடம் ஒப்பிக்கிற குரல். அன்று பின்னேரம் எல்கடுவ ஏற்றத்தில் ஜீப்பின் பின்பக்கம் ஏதோ உடைந்து, இழுவை அற்று, கலியாண வீடொன்றுக்கு வெளிச்சம் கொடுக்கக் கொண்டுபோன ஜெனரேட்டர் ட்ரெய்லரோடு வண்டி பின்னுக்கு உருண்டது. சில்லுக்குக் கல் வைக்க இறங்கிய ஸக்கரியாவின் வலது காலை ட்ரெய்லர் மண்மேட்டோடு சேர்த்து நசுக்கியது. அதையும் அவள் அதே குரலில்தான் சொன்னாள்.

ஆஸியா குறிப்புப் புத்தகத்தை மூடினாள். பன்னிரண்டு வருடம் இன்ஷுரன்ஸ் கம்பனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவள் அவள். இப்போது மாத்தளை நகரில் தனியாக, கேட்டு வருகிறவர்களுக்காக உண்மையைத் தேடிக் கொடுக்கிறாள். தேடிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனவர்கள் குறைவு.

"நான் என்ன கண்டுபிடிக்கணும் ராத்தா?"

"நான் வாங்கின ஒயிலா அவர்ட கால இப்பிடி ஆக்கினதுன்னு."

"ஊர்ல அழகையா பாஸ் பிழையான ஒயில் ஊத்திட்டாருன்னுதானே சொல்றாங்க?"

"ஊர் சொல்லும். கேன வாங்கினது நான்." ஜுனைதா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நேத்து சுடுதண்ணி கைல ஊத்திக்கிட்டேன். செவந்த பொறகுதான் தெரிஞ்சிச்சு. அழுகையும் வருதில்ல தங்கச்சி. எனக்கு என்னமோ ஆகிட்டு."

அந்த வீட்டின் முன்கூடம் ஒரு முன்பள்ளி. இருபது வருடமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜுனைதா அங்கேதான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். விபத்துக்கு மறு வாரமே வகுப்பைத் திரும்பத் தொடங்கியிருந்தாள். சற்று முன்தான் பிள்ளைகள் போயிருந்தார்கள். சுவரில் அ முதல் ஃ வரை ஒரு பெரிய அட்டை. அதன் கீழே முழங்கால் உயரத்தில் பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரைகள்.

அதில் ஒன்றில்தான் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது, தொண்ணூறு கிலோ. ஒரு காலத்தில் எல்கடுவத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவன். இப்போது சொந்தமாக ஒரு த்ரீவீல் வைத்திருக்கிறான். அந்த த்ரீவீலும் அவனும் சேர்ந்ததுதான் ஆஸியாவின் மொத்த அலுவலகம்.

"மிஸ், எழும்பலாமா? எழும்பினா கதிரையும் சேந்து எழும்பும் போல இருக்கு."

ஜுனைதா சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

உள்ளறையில் ஸக்கரியா கட்டிலில் சாய்ந்திருந்தார். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. அவர் பார்வை முகட்டில் இருந்தது. ஆஸியா சலாம் சொன்னாள். பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"நானா, அன்னைக்கு ஒயில் மாத்தினது அழகையாவா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"அஞ்சு வாரமா இப்பிடித்தான்," என்றாள் ஜுனைதா, ஆஸியாவை முன்கூடத்துக்கு அழைத்து, அவருக்குக் கேட்காத குரலில். "கேட்டா கண்ண மூடுவாரு. அதப் பாத்துத்தான் என்ட தம்பி புஹாரி முடிவு பண்ணிட்டான். அழகையா நானா மேல பொலிஸ்ல குடுக்கப் போறானாம். கடுதாசி எழுதிக்கிட்டு இப்ப வாறேன்னான். இவர்ட சைன வாங்கிட்டா நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டு போயிருவான்."

இருவரும் திரும்ப உள்ளே வந்தார்கள். கட்டிலருகே ஒரு சின்ன மேசை. அதில் மூன்று மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக. மூன்றுமே வாசிக்கிற கண்ணாடிகள். ஒன்றின் கண்ணாடியில் கடைக்காரர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இன்னும் அப்படியே இருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டைகள். சிலதில் சிவப்பு ரப்பர் வளையம், சிலதில் கறுப்பு.

"இது?"

"காலைக்குச் சிவப்பு, ராவைக்குக் கறுப்பு. அவர்தான் அப்பிடிக் கட்டித் தரச் சொன்னாரு. கண்ணாடி போட்டா தல வலிக்குதாம். மூணு வாங்கிக் குடுத்துட்டேன், ஒண்ணும் சரிவரல்ல."

ஆஸியா ஸ்டிக்கரை ஒரு தடவை பார்த்தாள். ரப்பர் வளையங்களை ஒரு தடவை பார்த்தாள். வெளியே வந்தாள்.

*

அழகையாவின் கராஜ் இருக்கும் பல்லேபொலவுக்குப் போகிற வழியெல்லாம் தூறல். த்ரீவீலின் பக்கச் சீலை படபடத்தது.

"மிஸ், ஒரு ஜீப்புக்கு எத்தன ஒயில்தான் ஊத்துவாங்க? என் வண்டிக்கு ஒரே ஒயில். மிஞ்சினா கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான்."

"எஞ்சின விடுங்க. சில்லு வரைக்கும் சக்தி போற பாதையில மட்டும் நாலு பெட்டி இருக்கு. கியர்பெட்டி ஒண்ணு. நடுவுல, நாலு சில்லுக்கும் பிரிச்சு விடுற சின்னப் பெட்டி ஒண்ணு. முன் டிஃபரன்ஷல், பின் டிஃபரன்ஷல். ஜுனைதா ராத்தா மாத்தச் சொன்னது நடுப்பெட்டியும் பின்னுக்கும்தான். நடுப்பெட்டி இந்த ஜீப்ல மெல்லிசுச் சிவப்பு ஒயில் கேக்கும். பின்னுக்குத் தடிச்ச கியர் ஒயில்."

"மாறிப் போட்டா?"

"நடுப்பெட்டி கொஞ்சக் காலம் முனகும். பின்னுக்குத்தான் ஆபத்து. பின்னால ஒரு டன் ட்ரெய்லர், முன்னால ஏத்தம். அந்தப் பாரம் முழுக்க ரெண்டு பல்சில்லு ஒண்டோட ஒண்டு உரசுற எடத்துல விழும். நடுவுல தடிச்ச ஒயில் இருந்தா தாங்கும். மெல்லிசு இருந்தா பிதுங்கிப் போயிரும். இரும்பு இரும்பத் தின்னும்."

"ராத்தா வாங்கினது சரியானதா?"

"கேனப் பாத்தாத்தான் தெரியும். ஆனா அவங்க சும்மா வாங்கல்ல. ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில முக்கால் மணித்தியாலம் நின்டு, மூணு கேன் ஒப்பிட்டு, வண்டிப் புத்தகத்து அட்டவணையையும் வச்சுப் பாத்து வாங்கியிருக்காங்க. முந்திப் போட்டது தடிப்பு நம்பர் தொண்ணூறு. ட்ரெய்லர் இழுத்தா நூத்தி நாப்பது நல்லம்னு கண்டுபிடிச்சிருக்காங்க."

"என் சம்சாரம் புடவைக் கடையிலதான் அவ்வளவு நேரம் நிப்பா." இஞ்ஞாசி ஒரு பள்ளத்தைத் தவிர்த்தான். "அது எந்த நாள் மிஸ், விபத்து?"

ஆஸியா திகதியைச் சொன்னாள்.

த்ரீவீல் வேகம் குறைந்தது. பிறகு ஓரமாக நின்றே விட்டது.

"என்ன?"

"அது வஹகோட்டை அந்தோனியார் திருநாள் மிஸ். நான் விடியக்காலையே கோயில்ல. எங்க ஆக்கள் வந்த பஸ் ஒண்ணு கோயில் ரோட்ல படுத்திருச்சு. அதுக்கு அடியில படுத்து ரிப்பேர் பண்ணினது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"அழகையா பாஸ்."

"விடிய அஞ்சு மணிக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டதே நான்தான். பின்னேரம் மூணு மணிக்குத்தான் வெளிய வந்தாரு. அந்தோனியார் சுருவத்தவிட அவரச் சுத்தித்தான் அன்னைக்குச் சனம் கூடுதல்."

ஆஸியா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள்.

"ஸக்கரியா நானா கராஜுக்குப் போனது காலையில. விபத்து பின்னேரம் நாலுக்கு. அப்ப அழகையா அந்த ஜீப்பத் தொடவே இல்ல."

"அதான் சொல்றேன்! கேஸ் முடிஞ்சுது. தேத்தண்ணி குடிக்கலாம்."

"இப்பத்தான் இஞ்ஞாசி தொடங்குது. அம்பது பேர் சாட்சி இருக்கிற ஒரு மனுசன், அஞ்சு வாரமா ஊர் ஏசுறதக் கேட்டுக்கிட்டு, நான் அங்க இல்லன்னு ஒரு வார்த்த சொல்லாம ஏன் இருக்காரு?"

இஞ்ஞாசி தேத்தண்ணியை மறந்து த்ரீவீலைக் கிளப்பினான். அது அபூர்வம்.

*

கராஜ் முற்றத்தில் ஒரு வாகனமும் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன் இங்கே ஜீப்பும் வேனும் வரிசையில் நிற்கும். இப்போது தகரக் கூரையின் கீழே ஸக்கரியாவின் ஜீப் மட்டும், பின்பக்கம் மரக்குற்றிகள்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. எல்கடுவவிலிருந்து அதைக் கட்டி இழுத்து வந்தவரும் அழகையாதான்.

அழகையா ஒரு ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. உலர்ந்த முகம், அறுபதை நெருங்கும் வயது. சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் அவர் கையெழுத்தில்: 'என்னைக் கேட்காமல் கருவியில் கை வைக்க வேண்டாம்.'

"பாஸ், கேட்டுட்டே கை வைக்கிறோம்," என்றான் இஞ்ஞாசி.

"வை. இப்ப யாரு வந்து கேக்கப் போறா?"

"பின் டிஃபரன்ஷல் ஒயில் பாக்கணும்," என்றாள் ஆஸியா.

அழகையா மறுக்கவில்லை. வண்டிக்கு அடியில் போய், ஊற்றுகிற துவாரத்தின் பூட்டாணியைக் கழற்றி, ஒரு கம்பியை விட்டு எடுத்து நீட்டினார். கம்பியில் தண்ணீர் போல மெல்லிய ஒரு திரவம். கருகிய சிவப்பு. அதற்குள் மினுமினுவென்று இரும்புத் தூள்.

"இஞ்ஞாசி, மோந்து பாருங்க."

"கருகின சீனிப்பாகு மாதிரி."

"முட்டை வாடை?"

"இல்லையே."

"இப்ப நடுப்பெட்டி."

இரண்டாவது கம்பியிலிருந்து திரவம் விழ மறுத்தது. தேன் போல இழுத்துக்கொண்டு தொங்கியது. இஞ்ஞாசி மூக்கைக் கிட்டக் கொண்டு போய், அதே வேகத்தில் திரும்ப எடுத்தான்.

"மாதாவே! அழுகின முட்டையப் பூண்டுல வதக்கின மாதிரி!"

"அது கியர் ஒயில்ட வாடை. அதுல போடுற கந்தகம். அந்த வாடை பின்னுக்கு வந்திருக்கணும். நடுவுல வருது." ஆஸியா கம்பிகளைக் கீழே வைத்தாள். "ரெண்டும் எடம் மாறியிருக்கு."

அழகையா ஸ்பானரை மறுபடி துடைக்கத் தொடங்கினார். இது அவருக்குப் புதுச் செய்தி இல்லை என்பது அந்தத் துடைப்பில் தெரிந்தது.

ஆஸியா கைபேசி வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் குனிந்தாள். நடுப்பெட்டியின் பூட்டாணியைச் சுற்றி ஒரு சிவப்புப் பொட்டு. பின் டிஃபரன்ஷலில் ஒரு கறுப்புப் பொட்டு. முன்னுக்கு மஞ்சள். பழைய பெயின்ட். மேலே மேலே பல தடவை பூசியது.

"யாரு வச்ச பொட்டு பாஸ்?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நெனவுக்கு."

"யாரோட நெனவுக்கு? முப்பது வருஷமா இந்த வேல செய்றீங்க. கண்ண மூடிக்கிட்டே எது எதுன்னு சொல்லுவீங்க."

அழகையா கைத்துணியை உதறி மடித்தார்.

"நீங்க வழமையா ஊத்துற கம்பனியில மெல்லிசு ஒயிலுக்குச் சிவப்பு மூடி, கியர் ஒயிலுக்குக் கறுப்பு மூடி. சரியா?"

"சரி."

ஆஸியா ஜீப்பின் பின்கதவைத் திறந்தாள். இரண்டு வெற்றுக் கேன்கள் அங்கேயே கிடந்தன. முதல் கேனுக்குச் சிவப்பு மூடி. அதன்மேல் கொப்பித் தாள் ஒட்டி, வட்டமான ஆசிரியை எழுத்தில்: 'பின்னுக்கு. தடிச்சது.' இரண்டாவது கேனுக்குக் கறுப்பு மூடி. 'நடுவுக்கு. மெல்லிசு.' அவள் கம்பனி லேபலையும் திருப்பிப் பார்த்தாள். தடிச்ச ஒயில் கேனில் 75W-140 என்ற நம்பர். ஜுனைதா வாங்கியது அட்சரம் பிசகாமல் சரி. எழுதி ஒட்டியதும் சரி. புதுக் கம்பனிக்காரன் மூடி நிறத்தை மட்டும் தலைகீழாக வைத்திருந்தான்.

"மிஸ்," இஞ்ஞாசி தலையைச் சொறிந்தான். "இவ்வளவு பெரிசா எழுதியிருக்கே. எங்க தோட்டத்துக் கோழி கூட வாசிக்கும். அதையும் மீறி மாத்தி ஊத்தினவன் எவன்?"

ஆஸியா அழகையாவைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு உங்க பேர் பொலிஸுக்குப் போகுது பாஸ். அன்னைக்கு வஹகோட்டையில இருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

"சொன்னா, அப்ப யாரு ஊத்தினதுன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"அதுக்குப் பொறகு, ஏன் மாறிச்சுன்னு கேப்பாங்க." அவர் ஸ்பானரை ஆணியில் மாட்டினார். அது இருக்க வேண்டிய இடத்தில் சுவரில் ஸ்பானரின் உருவம் வரைந்திருந்தது. "ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். என் கையப் புடிச்சுக்கிட்டான். ஒண்ணும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல. அது என் வாயால வராது தங்கச்சி. பொலிஸ் அடிச்சாலும் வராது."

*

திரும்புகிற வழியில் பாலாப்பத்துவளைக்குக் கிட்ட தேத்தண்ணிக் கடையில் இஞ்ஞாசி இரண்டு பிளேன்டீ சொன்னான். இரண்டு கேன்களும் ஆஸியாவின் காலடியில் இருந்தன.

"சரி, நான் கண்டுபிடிச்சிட்டேன்," என்றான். "கராஜ் பூட்டியிருந்துச்சு. பின்னேரம் எல்கடுவவுல கலியாணம், வெளிச்சம் குடுத்தாகணும். ஸக்கரியா நானா தானே ஊத்திக்கிட்டாரு."

"ஆமா."

"அவசரத்துல எழுத்தப் பாக்கல்ல."

"ஒரு கேனக் கையில எடுத்துத் திறக்குறீங்க. மூடிக்கு ரெண்டு அங்குலம் கீழ எழுத்து. அவசரத்துல ஒரு கேன்ல பாக்காம விடலாம். ரெண்டுலயுமா?"

"கண்ணாடி இல்லாம…"

"பத்தடி தூரத்துல இருந்து நீங்க வாசிச்சீங்களே, உங்களுக்கு என்ன கண்ணாடியா?"

இஞ்ஞாசி கோப்பையைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஆஸியாவின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"ஸ்டிக்கர் கூட உரிக்காத கண்ணாடி," என்றாள் அவள். "காலைக்குச் சிவப்பு, ராவைக்குக் கறுப்பு. வாங்க போவம்."

*

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. ஜுனைதா முன்கூடத்தில் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புஹாரி வந்துட்டுப் போயிட்டானா?"

"இப்பத்தான். சைன வாங்கிட்டான். கடுதாசிய இங்கயே வச்சிட்டுப் போயிருக்கான், காலையில வந்து எடுப்பானாம்."

ஆஸியாவின் நடை ஒரு கணம் நின்றது. பிறகு அவள் உள்ளறைக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைக் கதிரையைப் போட்டு, அதன்மேல் இரண்டு கேன்களையும் வைத்தாள். ஸக்கரியா அவற்றைப் பார்த்தார். முகம் கொஞ்சமும் மாறவில்லை. தலையணையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

"ராத்தா, நீங்க கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்றேன். நீங்க வாங்கின ஒயில் ரெண்டும் சரி. அந்த ஜீப்புக்கு, அந்த ட்ரெய்லருக்கு, அந்த ஏத்தத்துக்கு அதவிட நல்ல ஒயில் இல்ல. ஊத்தின எடந்தான் மாறிட்டு."

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்ல."

ஜுனைதா தலையசைத்தாள். ஐந்து வாரம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்தவள்போல அவள் தெரியவில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பவள்போல இருந்தாள்.

"நான் எழுதியும் ஒட்டினேனே. அழகையா நானா வாசிக்காமயா ஊத்தினாரு?"

"அழகையா அன்னைக்கு முழுக்க வஹகோட்டையில. இஞ்ஞாசி கண்ணால கண்டது. கராஜ் பூட்டிக் கிடந்துச்சு."

ஜுனைதா கணவரைப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஆஸியா மேசையிலிருந்த கடுதாசியை எடுத்தாள். கடைசியில் ஸக்கரியாவின் கையொப்பம். ஒவ்வொரு வளைவும் ஒரே அழுத்தத்தில், சித்திரம் வரைந்த மாதிரி.

"நானா," என்றாள் மெதுவாக, "புஹாரி இது என்னத்துக்குன்னு சொன்னாரு?"

ஐந்து வாரத்தில் முதல் தடவையாக ஸக்கரியா ஒரு கேள்விக்கு உடனே பதில் சொன்னார். அது பாதுகாப்பான கேள்வி என்று நினைத்திருக்க வேண்டும்.

"இன்ஷுரன்ஸுக்குத் தேவைப்படும்னான்."

"இன்ஷுரன்ஸா?" ஜுனைதா கணவர் பக்கம் திரும்பினாள். "அதுக்கும் தேவைப்படும்னுதான் சொன்னான். ஆனா இது பொலிஸுக்குள்ளதுங்க. முதல் வரியிலயே அழகையா நானாட பேர் பெரிசா எழுதியிருக்கே. நீங்க அதப் பாத்துக்கிட்டுத்தானே அவ்வளவு நேரம்…"

அவள் நிறுத்தினாள்.

அவள் பார்வை மெதுவாக நகர்ந்தது. கடுதாசி. மூன்று கண்ணாடிகள். சிவப்பு வளையம், கறுப்பு வளையம். சிவப்பு மூடி, கறுப்பு மூடி. திறந்திருந்த கதவு வழியே முன்கூடத்துச் சுவரில், அ முதல் ஃ வரை. இருபது வருடமாகப் பிள்ளைகள் வந்ததும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு அவர் வெளியே கிளம்பிப் போனதும் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"யா அல்லாஹ்," என்றாள், குரலே இல்லாமல்.

"அழகையாட பேரா?" ஸக்கரியா எழும்ப முயன்றார். காலில் இருந்த கம்பி விடவில்லை. "அழகையாட பேருக்கா நான் சைன் வச்சேன்? அவன் மேலயா?"

வாசலில் நின்ற இஞ்ஞாசி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவனிடம் அன்று அதற்குமேல் ஒரு பகிடியும் இல்லை.

"கிழிங்க அத," என்றார் ஸக்கரியா. "தங்கச்சி, கிழிங்க. நான்தான் ஊத்தினது. கராஜ் பூட்டு. கலியாண வீட்டுக்காரன் போன் மேல போன். பொட்டப் பாத்தேன், மூடியப் பாத்தேன். சிவப்புக்குச் சிவப்பு. ஒயில் வேற மாதிரி இருந்திச்சு, மனசு ஒரு மாதிரி ஆச்சு. இவ புதுசு, வேற மாதிரிதான் இருக்கும்னு சொன்னா. நம்பி ஊத்திட்டேன்."

ஆஸியா கடுதாசியைக் கிழிக்கவில்லை. அதை ஜுனைதாவின் கையில் கொடுத்தாள். ஜுனைதா அதை நாலாக, எட்டாகக் கிழித்தாள். நிதானமாக, ஒரே அளவில், பிள்ளைகளுக்கு ஒட்டுவதற்குத் தாள் கிழிக்கிற பழக்கத்தில்.

"ஏழு வயசுல லொறியில ஏத்தி விட்டாங்க," அவர் முகட்டைப் பார்த்துச் சொன்னார். "பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்னே தெரியாது. சைன அழகையாதான் வரைஞ்சு காட்டினான், நம்ம நிக்காஹுக்கு முந்தின நாள். மண்ணுல குச்சியால. ரெண்டு மணித்தியாலம் வரைஞ்சு பழகினேன். நீ டீச்சர்னு சொன்னாங்க. எப்பிடிச் சொல்றது?"

ஜுனைதா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். துண்டுத் தாள்கள் மடியில் கிடந்தன. கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் கையில் விழுந்தது. சுட்டுச் சிவந்திருந்த அதே கை. அவள் அதை ஏதோ தூரத்துப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, "எரியுது," என்றாள்.

"மூணு கண்ணாடி வாங்கினேனே," என்றாள் மறுபடி. "ஒரு தரம் சொல்லியிருக்கலாமே."

"ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வரும். வாசல்ல வண்டிய நிப்பாட்டிட்டு உள்ளுக்க பிள்ளைகள் சொல்றதக் கேட்டுக்கிட்டு இருப்பேன். அவங்களோட சேந்து நானும் சொல்லுவேன், வாய்க்குள்ள. சத்தம் பாடம். எழுத்து எதுன்னுதான் தெரியாது."

அவர் கையை நீட்டிச் சிவப்பு மூடிக் கேனை எடுத்தார். கொப்பித் தாளில் மனைவி எழுதியிருந்த அந்த வட்டமான எழுத்துகளின் மேல், முதல் எழுத்தின் மேல், பெருவிரலை வைத்தார்.

ஆஸியா இஞ்ஞாசியைப் பார்த்து, போகலாம் என்று கண்ணைக் காட்டினாள். இருவரும் முன்கூடத்தைத் தாண்டும்போது, சின்னக் கதிரைகளுக்கு நடுவே, உள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

"ஜுனைதா, எனக்கு எழுத்துச் சொல்லித் தா."